நைட் ஷிஃப்டில் இருப்பவர்கள் கொழுப்பு டெஸ்டுக்குப் போகும் முன்
"வெறும் வயிற்றில் வாங்க" என்று மட்டும் சொல்லி அனுப்பிய லேப்பின் மேல் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. நைட் ஷிஃப்ட் முடிந்து நேராகப் போனேன், இரவு இரண்டு மணிக்குச் சாப்பிட்டதையும் கவுன்டரில் சொன்னேன். "காலையில எதுவும் சாப்பிடலைல்ல, அப்போ சரி" என்று ரத்தம் எடுத்துவிட்டார்கள். ரிப்போர்ட்டில் டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு 400-க்கு மேல், 'கெட்ட கொழுப்பு' என்று சொல்லும் எல்டிஎல் இருக்க வேண்டிய இடத்தில் 'கணக்கிட இயலாது'. பல லேப்களில் எல்டிஎல்லை நேரடியாக அளப்பதில்லை, சூத்திரம் போட்டுத்தான் எடுக்கிறார்கள். டிரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் அந்தச் சூத்திரம் செல்லாது. பணமும் போச்சு, பகல் தூக்கமும் போச்சு.

அதோடு எடுத்த ஸ்கேன் சட்டென்று முடிந்தது, கல்லீரலில் கிரேடு 1, அதாவது ஆரம்ப நிலைக் கொழுப்பு.

டாக்டர் என்ன சாப்பிடுகிறேன் என்பதற்கு முன்னால் எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறேன் என்று கேட்டார். இதை யாரும் முன்பு கேட்டதே இல்லை. மூளையில் இருக்கும் உடல் கடிகாரம் வெளிச்சத்தைப் பார்த்து ஓடுகிறது, கல்லீரலுக்கென்று தனியாக இருக்கும் கடிகாரமோ சாப்பாட்டு நேரத்தைப் பிடித்துக்கொள்கிறது, நடுராத்திரியில் சாப்பிட்டால் இரண்டும் ஆளுக்கொரு பக்கம் இழுக்கும் என்றார். வீட்டுக்கு வந்து தேடினால், 2011-இல் எலிகளில் செய்த ஆய்வு கிடைத்தது: ஓய்வு நேரத்தில் ரெவ்-எர்ப் ஆல்ஃபா என்ற புரதம் ஹெச்டேக்-3 நொதியைக் கல்லீரல் மரபணுக்களுக்குக் கூட்டி வந்து கொழுப்பு உற்பத்தியை அடக்கி வைக்கிறது, விழித்துச் சாப்பிடும் நேரத்தில் அந்தப் பிடி தளர்கிறது. கல்லீரலிலிருந்து அந்த நொதியையே எடுத்துவிட்டால் கொழுப்பு மண்டிவிடுகிறது. படித்ததும் இத்தனை வருட ராத்திரிச் சாப்பாடு கண்முன் வந்து போனது.

அப்புறம், பெரிய சாப்பாட்டை ஷிஃப்டுக்கு முன்பே முடித்து, நடுராத்திரியில் வெறும் தண்ணீரோடு நிறுத்தப் பழகினேன். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதைச் செய்யவே கூடாது, சர்க்கரை திடீரென்று இறங்கிவிடும்.

அடுத்த டெஸ்டை வார விடுமுறையில், 12 மணி நேரம் எதுவும் சாப்பிடாமல் இருந்து எடுத்தேன். டிரைகிளிசரைடு நன்றாக இறங்கியிருந்தது, எல்டிஎல்லும் ஒழுங்காக வந்தது. கடைசியாகச் சாப்பிட்ட நேரத்தை ரிப்போர்ட்டில் எழுதச் சொன்னேன், அதற்கு இடமில்லை என்றார்கள், விடாமல் நின்று எழுத வைத்தேன். நீங்களும் எழுத வையுங்கள். அது இல்லாமல் இரண்டு ரிப்போர்ட்டையும் பக்கத்தில் வைத்தாலும் இறங்கியதற்குக் காரணம் பட்டினியா பழக்கமா என்று டாக்டராலும் சொல்ல முடியாது.