அரசருக்கும் வாசல்வரைதான்

ஜப்பானின் ஒகினாவா தீவில், நாஹா நகரத்துப் பஸ் நிலையத்தில் பெயர்ப்பலகையை அண்ணாந்து பார்த்து நின்றதில் ஒரு பஸ்ஸைக் கோட்டை விட்டோம். தப்பு என்னுடையதுதான். அக்கா கோபப்படவில்லை. "இந்த ஊர்ல அக்காவைக் கேட்டுட்டுத்தான் தம்பி கிளம்பணுமாம், தெரியும்ல?" என்று மட்டும் சொன்னாள். முந்தின நாள், இந்தத் தீவின் பழைய அரசர்கள் இருந்த ஷுரி கோட்டையில் பொறுக்கிய விஷயம் அது. அதற்கப்புறம் பயணம் முழுக்க என்னை விடவில்லை.

ஷுரியில் நாங்கள் பார்த்தது பாதிக் கோட்டை. 2019 அக்டோபர் 31 அதிகாலைத் தீயில் மைய மண்டபம் போய்விட்டது. நாங்கள் போனபோது திரும்பக் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒகினாவா ஜப்பானின் மாவட்டமானது 1879-இல். அதற்கு முன் 450 ஆண்டுகள் அது ரியுக்யு என்ற தனி அரசு. மூன்றாகப் பிரிந்து கிடந்த தீவை 1429-இல் ஷோ ஹாஷி ஒன்றாக்கினார். 1458-இல் வார்த்த ஒரு மணி மைய மண்டபத்தில் தொங்கியதாம். இப்போது கோட்டைக்குள் இருப்பது அதன் நகல். பத்தாயிரம் நாடுகளுக்குப் பாலம் நாங்கள் என்று அதில் பொறித்திருக்கிறார்கள். வெறும் பெருமை இல்லை. அவர்கள் கப்பல்கள் சீனா, சயாம், ஜாவா என்று சுற்றின. மலாக்காவுக்கும் போயின. அங்கே அந்தக் காலத்தில் நம் தமிழ் வணிகர்கள் செல்வாக்காக இருந்தார்கள். தோமே பிரெஸ் என்ற போர்ச்சுக்கீசியர் மலாக்கா பற்றி எழுதிய குறிப்பில் இரண்டு கூட்டத்தாரும் வருகிறார்கள். ஒரே கடைத்தெருவில் உரசிக்கொண்டு நடந்திருப்பார்கள்.

அப்படிக் கப்பலேறுகிறவன் பையில் உடன்பிறந்தாள் நெய்து கொடுத்த துண்டு ஒன்று இருக்கும். பெயர் தீசாஜி. நடுக்கடலில் காற்று மாறினால் காப்பாற்றுவது அதுதான். மனைவி கொடுத்ததோ அம்மா கொடுத்ததோ அல்ல, சகோதரி கொடுத்தது. சகோதரியின் ஆவிக்குச் சகோதரனைக் காக்கும் சக்தி உண்டு என்ற இந்த நம்பிக்கைக்கு ஓனாரிகாமி என்று பெயர். வீட்டில் நடந்ததை அப்படியே அரண்மனைக்கும் கொண்டுபோனார்கள். 1477-இல் பட்டத்துக்கு வந்த ஷோ ஷின், தன் உடன்பிறந்தாளையே நாட்டின் தலைமைப் பூசாரியாக்கினார். பதவிக்குப் பெயர் கிகோயே ஓகிமி. ஊருக்கு ஊர் இருந்த நோரோ என்ற பெண் பூசாரிகள் எல்லாம் அவளுக்குக் கீழே. சிற்றரசர்களைத் தலைநகரிலேயே குடிவைத்துக் கைக்குள் போட்டுக்கொண்ட மனிதர், சாமி காரியத்தையும் அக்கா தங்கை வழியாகவே பிடித்துவிட்டார். பக்தி பாதி, அரசியல் பாதி என்பது என் கட்சி. அக்கா ஒத்துக்கொள்ளவில்லை.

நாஹாவிலிருந்து ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூட, கிழக்கே சினென் தீபகற்பத்தில் இருக்கிறது செய்ஃபா உதாகி. அந்தத் தலைமைப் பூசாரி பதவியேற்ற இடம். கோபுரம் எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். கூரையும் இல்லை, சிலையும் இல்லை. நம் ஊர்க் கோயில்காடு மாதிரி மரமும் பாறையும்தான். சந்திரக் கணக்கில் ஆண்டுக்கு இரண்டு முறை, மும்மூன்று நாள் ஆட்கள் வராமல் மூடிவிடுகிறார்கள். காடு ஓய்வெடுக்க வேண்டுமாம்.

ஆண்கள் உள்ளே வரக் கூடாது என்பது பழைய விதி. அரசரே ஆனாலும் உஜோகுச்சி என்ற வாசலோடு சரி. அந்த வாசலில் அக்கா என் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள். "நில்லுடா. ராஜாவே இங்கதான் நின்னாராம்." பெண்கள் உள்ளே வரக் கூடாது என்ற பலகையின் முன் அவள் எத்தனை முறை நின்றிருப்பாள் என்று எனக்குத் தெரியும். ஒரு நிமிடம் நின்றேன். அப்புறம் அவளே "சரி வா" என்றாள்.

உள்ளே இரண்டு பாறைப் பற்களிலிருந்து நீர் சொட்டுகிறது. கீழே இரண்டு ஜாடிகள். அந்த நீர் புனிதமானது, தொடக் கூடாது. பக்கத்தில் பெரும் பாறை ஒன்று இன்னொன்றின் மேல் சாய்ந்து முக்கோண வழி விட்டிருக்கிறது. பெயர் சங்கூயி. முன்னால் கயிறு கட்டியிருந்ததால் எட்டித்தான் பார்க்க முடிந்தது. வயதான அம்மா ஒருவர் கறுப்பாகத் தட்டையாக இருந்த ஊதுபத்தியை வைத்துவிட்டு, ஏற்றாமலே முணுமுணுத்துக்கொண்டிருந்தார். வழியில் ஒரு குட்டை. 1945 போரில் குண்டு விழுந்த பள்ளமாம். அதையும் மூடாமல் விட்டிருக்கிறார்கள்.

அங்கிருந்து பார்த்தால் கடலுக்கு அப்பால் தெரிவது குடாகா தீவு. அசாமா துறையில் படகேறினால் அரை மணிகூட ஆகாது. படைப்புத் தெய்வம் அமாமிக்யு இறங்கிய மண் அது. இஷிகி கடற்கரையில் ஒதுங்கிய ஜாடியில்தான் முதல் தானிய விதைகள் வந்தன என்கிறார்கள். முன்பு அரசர்களே இங்கே யாத்திரை வந்தார்கள். தெற்கு ஜப்பானின் சத்சுமா சிற்றரசின் படை 1609-இல் நாட்டைப் பிடித்த பின், ஹானேஜி சோஷு என்ற அமைச்சர் அந்த யாத்திரையை வீண்செலவு என்று நிறுத்தவைத்தார். தலைமைப் பூசாரியின் அந்தஸ்தும் இறங்கியது. கணக்குப்பிள்ளை புத்தி வந்தால் முதலில் வெட்டு விழுவது இந்த மாதிரிச் செலவில்தான் போலும்.

வாடகை சைக்கிளில் தீவைச் சுற்றினோம். இசைஹோ என்ற சடங்கைப் பற்றி அக்காதான் படித்து வைத்திருந்தாள். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, சீன விலங்குக் கணக்கில் குதிரை ஆண்டு வரும்போது, 30 முதல் 41 வயதுவரை உள்ள தீவுப் பெண்கள் நான்கு நாள் சடங்கு முடித்துத் தெய்வப் பெண்களாவார்கள். கடைசியாக நடந்தது 1978-இல். 1990-இல் நடத்த ஆட்கள் போதவில்லை, அதோடு நின்றுபோனது. சடங்கு நடந்த முற்றத்தில் நாங்கள் போனபோது யாருமே இல்லை. கடற்பாம்புக்குப் புகைபோடும் கொட்டகை மட்டும் பூட்டிக் கிடந்தது. அந்தப் பாம்பைப் பிடிக்கும் உரிமைகூடப் பெண் பூசாரிகளுடையதாக இருந்ததாம், இருட்டில், வெறுங்கையால். எனக்குக் கை கூசியது.

திரும்பி வந்து நாஹா கடை ஒன்றில் தீசாஜி வாங்கப் போனேன். அக்கா கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள்.

"இதை நான்தான்டா உனக்குக் கொடுக்கணும். நீ காசை மட்டும் கொடு."