டிக்கியைத் திறந்தால் தெரிந்துவிடும்

போன மாதம் அக்கா வீட்டுக்காரர் கூப்பிட்டு, "மாப்ளே, எஸ்யூவி எடுக்கலாம்னு இருக்கேன், தோப்புக்குப் போக வர வசதியா இருக்கும்" என்றார். எந்த வண்டி மாமா என்று கேட்டால் ஃப்ரான்க்ஸ் என்கிறார். நல்ல வண்டிதான், ஆனால் அது மாருதியின் பலேனோ காரின் அடித்தளத்தில் எழுப்பியது, உயரம் கூட்டிய ஹேட்ச்பேக் என்று சொன்னால்தான் சரியாக இருக்கும்.

வண்டிக்குப் பக்கவாட்டில் நின்று பெட்டிகளை எண்ணிப் பாருங்கள். அம்பாசடரில் எஞ்சினுக்கு ஒன்று, ஆளுக்கு ஒன்று, சாமானுக்கு ஒன்று என்று மூன்றும் தனித்தனியாகத் தெரியும், அது செடான். ஸ்விஃப்டில் சாமானும் ஆட்களும் ஒரே பெட்டிக்குள், ஆக இரண்டுதான், அது ஹேட்ச்பேக். மாருதி ஆம்னி வேனில் எஞ்சினே முன் சீட்டுக்கு அடியில் போய்விட்டதால் மொத்தமும் ஒரே பெட்டி.

சில வண்டிகளில் இந்தக் கணக்கு உதவாது. ஸ்கோடா ஆக்டேவியாவைத் தெருவில் பார்த்தால் யாரும் செடான் என்றுதான் சொல்வார்கள், ஆனால் டிக்கியைத் திறந்தால் பின்கண்ணாடியும் சேர்ந்து மேலே போகும், அதனால் அது லிஃப்ட்பேக். கண்ணாடி அசையாமல் மூடி மட்டும் திறந்தால் செடான். டிக்கியில் மீன் வாங்கி வைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கு இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும், ஹேட்ச்பேக்கில் வாசம் முன் சீட்டு வரைக்கும் வந்துவிடும்.

மாருதி டிசையர் செடானின் பின்பக்கம் வெட்டியது போல இருப்பதற்குக் காரணம் வரி. 2006 பட்ஜெட்டில் நான்கு மீட்டருக்குள் அடங்கும் சின்ன எஞ்சின் கார்களுக்கு வரியைக் குறைத்தார்கள். 2008இல் 4160 மில்லிமீட்டராக வந்த டிசையர், 2012இல் 3995க்குச் சுருங்கியது. சுருங்கியதெல்லாம் டிக்கியில்தான், கல்யாண வீட்டுக்குச் சாமான் ஏற்றுகிறவர்கள் நேரில் பார்த்துவிட்டு வாங்குவது நல்லது.

எஸ்யூவி என்றால் நான் முதலில் குனிந்து அடியில் பார்ப்பேன். பொலேரோ, ஸ்கார்பியோ, ஃபார்ச்சூனர் எல்லாம் லாரி மாதிரி தனி சேஸியின், அதாவது அடியில் இருக்கும் இரும்புச் சட்டத்தின் மேல் பாடியை உட்கார வைத்தவை. கிரெட்டா, பிரெஸ்ஸா அப்படி இல்லை, பாடியும் சேஸியும் ஒன்றாகவே வார்த்த மாதிரி மோனோகாக், காரைப் போலவே ஓடும், சொகுசு அதிகம். குண்டும் குழியுமான பாதையில் வருஷக்கணக்காகச் சுமையோடு ஓட்ட முதல் வகைதான் தாங்கும் என்பது என் அபிப்பிராயம்.

இதையெல்லாம் சொன்னதும் மாமா அப்படியே பொலேரோவுக்கு மாறிவிட்டார். நான்தான் ஒரு தடவை அவருடைய அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய் ஏறச் சொல்லிப் பாருங்கள் என்றேன். முட்டி வலிக்காரர், அந்த உயரத்துக்குக் காலைத் தூக்க முடியவில்லை. இப்போது மறுபடியும் ஃப்ரான்க்ஸ் பக்கம் வந்திருக்கிறார், இந்த முறை அது ஹேட்ச்பேக் என்று தெரிந்தே. தோப்புச் சுமைக்குப் பழைய டெம்போ இருக்கவே இருக்கிறது.