மூன்று வெறும் கட்டங்கள்

பழைய மாணவர் மலருக்கு ஏதாவது எழுதித் தா என்று செயலாளர் மூன்று வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். விலங்கியல் சேர் போய்விட்டார் என்று வட்ஸ்அப்பில் வந்த பிறகுதான் உட்கார்ந்தேன்.

மூன்றாம் வாங்கு, பின்கதவு, சிவப்பு மைப் பேனா எதற்கும் உங்களுக்கு விளக்கம் தேவையில்லை. ஆனால் வாற்பேத்தைகளை விட்டிருந்த அந்த பேசின் கதையைப் பாதிப்பேர் பிழையாகத்தான் சொல்லித் திரிகிறீர்கள். நான் வாற்பேத்தைகளைக் கொல்லவில்லை. சரி, கொன்றேன், வேண்டுமென்று இல்லை.

1982. சேருக்குக் கழுத்திலுள்ள கேடயப்போலி (தைரொயிட்) சுரப்பியில் கோளாறு, தினமும் அதன் ஓமோனான தைரொட்சின் குளிசை போடுவார். குடெர்னாட்ச் என்ற ஆய்வாளர் 1912இல் குதிரையின் அந்தச் சுரப்பியைத் தீனியாகப் போட்டு வாற்பேத்தைகளை அவசரமாகத் தவளையாக்கிய கதையைச் சொல்லிவிட்டு, தன் போத்தலிலிருந்து ஒரு துணுக்கை அரைத்துக் கரைத்துத் தந்தார். பத்துக் குஞ்சுகள். தினம் ஒரு துளி, அதற்கு மேல் வேண்டாம் என்றார். எனக்குப் பொறுமை எங்கே? இரண்டாம் நாளே மிச்சத்தை எல்லாம் ஊற்றினேன். நாலாம் நாள் செவுள் சுருங்கி, தாடை முன்னே துருத்தி, கால் வெறும் மொட்டாக, வால் மட்டும் கிட்டத்தட்ட முழு நீளத்தில், மல்லாந்து கிடந்தன.

சேர் அடிக்கவில்லை. அடித்திருக்கலாம். பத்தையும் வரைந்து பெயரிட்டு வகுப்பு முன்னால் வாசிக்கச் சொன்னார். ஏழாவதில் குரல் உடைந்தது. அப்போதுதான் கேட்டார்: ஒரே இரத்தம், ஒரே ஓமோன், கால் வளருது, வால் அழியுது, ஏன்? வாலுக்குத் தான் தேவையில்லை என்று தெரியும் சேர் என்றேன். சிரிப்பு அடங்க ஒரு பாடவேளை போனது. 'வால்' என்ற பட்டமும் அன்றைக்கு ஒட்டியதுதான். மிச்சம் மூன்றையும் வரைந்து கொண்டுவந்து காட்டு என்று கொப்பியைத் தந்தார்.

அவருக்கே அப்போது முழுப் பதில் தெரிந்திருக்க முடியாது. அந்த ஓமோனைப் பிடிக்கும் ஏற்பியின் ஜீனை இனங்கண்டதே 1986இல்தான். நான் பிழைப்புக்குப் பிடித்த ஆய்வுகூடத்தில் அதே ஏற்பிதான் என் மேசைக்கு வந்தது, விதியின் குசும்பு. ஓமோன் வராத நாளிலும் ஏற்பி டிஎன்ஏயில் குந்தியிருந்து, அடக்கும் புரதங்களைக் கூட்டி வைத்து, உருமாற்றத்துக்கான ஜீனை மூடிப் பிடிக்கிறது. ஓமோன் வந்து ஒட்டியதும் அவை கழன்று, திறக்கும் கூட்டம் வருகிறது. கால் மொட்டில் ஆல்ஃபா வகை ஏற்பி நேரத்தோடே இருக்கிறது, ஓமோனைத் தீவிர வடிவத்துக்கு மாற்றும் நொதியும் அங்கே முந்தி வருகிறது, அதனால் கொஞ்சம் ஓமோனே போதும். வாலில் அந்த நொதி கடைசிக் கட்டத்தில்தான். ஒவ்வோர் இடமும் தன் முறைக்குக் காத்திருக்கிறது. நான் மொத்தமாக ஊற்றியதில் அந்த வரிசைதான் குலைந்தது.

2015இல் ஆல்ஃபா ஏற்பியை நீக்கிய வாற்பேத்தைகளைப் பற்றி வாசித்தேன். மூடிப்பிடிக்க ஆளில்லாமல் பின்கால் வேளைக்கு முன்பே வளரத் தொடங்கியதாம். சேருக்கு எழுத வேண்டும் என்று நினைத்தேன். அவர் முகவரி என்னிடம் இருந்தது.

ஊரை விட்டுக் கிளம்பும்போதும் சொல்லத்தான் செய்தார். ஒரு வருடம் பொறு, படிப்பை முடித்துவிட்டுப் போ, நான் கடிதம் தருகிறேன் என்று. எனக்கு அவர் பயந்தாங்கொள்ளியாகத் தெரிந்தார். அடுத்த மாதமே பறந்துவிட்டேன். விட்ட படிப்பை இங்கே இரவு வேலை செய்துகொண்டு முடிக்க ஒன்பது வருடம் எடுத்தது, அதுவும் அரைகுறையாக.

அந்தக் கொப்பி இன்னும் என்னிடம் இருக்கிறது. எட்டு, ஒன்பது, பத்து என்று இலக்கம் மட்டும் போட்டிருக்கிறேன். ஏழாவதின் கீழே சிவப்பு மையில் 'வால் நுனி பிழை' என்று எழுதிக் கையெழுத்து வைத்திருக்கிறார்.