வேலைக்கு நடுவே ஒரு திருயாத்திரை

திருயாத்திரை என்றால் நாம் கிளம்பிப் போக வேண்டும். கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முந்தைய தயாரிப்புக் காலமான திருவருகைக்காலத்திலோ வரப்போகிறவர் கிறிஸ்து. நாம் இருந்த இடத்திலேயே இருக்கிறோம். ஆனாலும் இந்த யாத்திரைக்கும் புறப்படும் நாள் உண்டு, கடக்க வேண்டிய தூரமும் உண்டு. புனித அந்திரேயா திருவிழாவான நவம்பர் 30-க்கு மிக அருகில் வரும் ஞாயிறுதான் புறப்பாடு. அது நவம்பர் 27-க்கு முன்னால் வராது, டிசம்பர் 3-க்குப் பின்னாலும் போகாது. டிசம்பர் 24 வரை எண்ணினால், 2022-இல் முழுதாக 28 நாள் கிடைத்தது; அடுத்த ஆண்டே 22 நாளாகச் சுருங்கியது. 2026-இல் நவம்பர் 29 அன்று தொடங்குவதால் 26 நாள். “நான்கு வாரம் இருக்கிறதே” என்று மனக்கணக்குப் போடுகிறவர்கள் கடைசி வாரத்தில் கையைப் பிசைவது இதனால்தான். நாள்காட்டியில் எண்ணிப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

இந்தக் காலத்தின் நற்செய்தி வாசகங்களைக் கவனித்தால் ஒன்று புரியும்: காத்திருப்பு எப்போதும் வேலைக்கு நடுவேதான் நடக்கிறது. ஞாயிறு வாசகங்கள் மூன்று ஆண்டுச் சுழற்சியில் வரும். முதலாம் ஆண்டு வாசகத்தில் வயலில் இருவர், திரிகையில் மாவரைக்கும் பெண்கள் இருவர். இரண்டாம் ஆண்டு மாற்கு நற்செய்தியில் பயணம் போகும் தலைவர் பணியாளர் ஒவ்வொருவருக்கும் அவரவர் வேலையைக் கொடுத்துவிட்டு, வாயில்காப்பவரை விழித்திருக்கச் சொல்கிறார். மூன்றாம் ஆண்டின் மூன்றாம் ஞாயிறு இன்னும் தெளிவு. “நாங்கள் என்ன செய்ய வேண்டும்?” என்று வரிதண்டுவோர் கேட்கிறார்கள். திருமுழுக்கு யோவான் அவர்களைப் பாலைநிலத்துக்கு வரச் சொல்லவில்லை, வேலையை விடவும் சொல்லவில்லை. குறித்த அளவுக்கு மேல் தண்டாதீர்கள் என்கிறார். படைவீரர்களிடம், மிரட்டிப் பணம் பறிக்காதீர்கள், கிடைக்கும் ஊதியம் போதும் என்றிருங்கள் என்கிறார். கணக்கில் நேர்மைதான் அவர் காட்டும் முதல் தயாரிப்பு.

வேலை செய்தபடி சொல்லும் சின்னச் செபத்துக்குப் பலன் உண்டா என்ற கேள்வி பலருக்கு உண்டு. திருச்சபையின் பதில் வெளிப்படையானது. திருத்தந்தை ஆறாம் பவுல் 1967-இல் ஞானப்பலன்கள், அதாவது மன்னிக்கப்பட்ட பாவத்துக்கு மிஞ்சும் தண்டனையை முழுதாகவோ பகுதியாகவோ நீக்கும் பலன்கள், பற்றிய ஒழுங்கைத் திருத்தினார். இத்தனை நாள், இத்தனை ஆண்டு என்று பகுதிப் பலனை எண்ணும் பழைய கணக்கு அதோடு போயிற்று. 1968-இல் வந்த புதிய தொகுப்பு பகுதிப் பலனுக்குப் பொதுவான 3 வழிகளைச் சொன்னது. 1999-இல் நான்காவதும் சேர்ந்தது. அவற்றில் முதலாவதே வேலைதான்: தன் கடமையைச் செய்கையிலும் வாழ்வின் தொல்லைகளைத் தாங்குகையிலும் தாழ்மையான நம்பிக்கையோடு மனதைக் கடவுளிடம் எழுப்பி, மனதுக்குள்ளாவது ஒரு சிறு மன்றாட்டைச் சேர்ப்பது. இரண்டாவது, தேவையில் இருப்போருக்குத் தன்னையோ தன் பொருளையோ கொடுப்பது. மூன்றாவது, தவறில்லாத, பிடித்தமான ஒன்றைத் தானாக விடுவது. நான்காவது, அன்றாடச் சூழலில் விசுவாசத்துக்கு வெளிப்படையாகச் சான்று பகர்வது. நாலுக்கும் வீட்டையோ வேலையிடத்தையோ விட்டு வெளியே போகத் தேவையில்லை. அருள்நிலையில், அதாவது சாவான பாவம் இல்லாத நிலையில், இருக்க வேண்டும், பாவத்துக்காக வருந்தும் உள்ளம் வேண்டும், பலனைப் பெறும் பொதுவான கருத்தாவது வேண்டும். எனவே பாவசங்கீர்த்தனத்தை 24-ஆம் தேதிக்குத் தள்ளிவைப்பது வீண். அன்று வரிசையும் நீளம். முதல் வாரத்திலேயே முடித்துவிட்டால் மீதி நாளெல்லாம் பயன்படும்.

இனி நடைமுறை. காலையில் அந்த நாளைக் கடவுளுக்கு ஒப்புக்கொடுக்கும் காணிக்கைச் செபம், ஒரு நிமிடம், கைபேசியைத் தொடும் முன். தொட்ட பிறகு என்றால் அது நடக்காது. நண்பகலில் மூவேளைச் செபம்: மூன்று வசனமும் பதிலும், மூன்று அருள்நிறைந்த மரியே, ஒரு மன்றாட்டு. நிதானமாகச் சொன்னாலும் மூன்று நிமிடத்தைத் தாண்டாது. மரியாவுக்கு வானதூதர் சொன்ன செய்திதான் அதன் உள்ளடக்கம் என்பதால் இந்தக் காலத்துக்கு இதைவிடப் பொருத்தமான செபம் வேறில்லை.

பெரும்பாலும் சறுக்குவது இந்த நண்பகல் செபத்தில்தான். பன்னிரண்டு மணிக்கு அலாரம் வைப்பார்கள். முதல் இரண்டு நாள் சரியாக நடக்கும். மூன்றாம் நாள் விரல் தானாகப் போய் அதை நிறுத்திவிடும், நிறுத்தியதே நினைவிருக்காது. மணியடிக்கும் நொடியில் கை ஒரு வேலையின் பாதியில் இருப்பதுதான் காரணம். பழங்காலத் துறவிகளுக்கும் இதே சிக்கல். எகிப்தியத் துறவிகளில் ஏடு எழுதுகிறவர் செப அழைப்பு கேட்டதும் தொடங்கிய எழுத்தைக்கூட முடிக்காமல் எழுந்துவிடுவார் என்று துறவற நூலாசிரியர் யோவான் காசியான் எழுதி வைத்திருக்கிறார். மடத்துக்கு அது சரி. மேலாளரோடு பேசிக்கொண்டிருப்பவர் அப்படி எழுந்து போக முடியாது. நேரத்தில் மாட்டுவதை விட்டு, இடைவெளியில் மாட்டுங்கள்: சாப்பிடும் முன் கை கழுவும்போது, கணினி திறக்கக் காத்திருக்கும்போது, மின்தூக்கிக்கு நிற்கும்போது. முதல் வாரம் ஒரே ஒரு இடைவெளி போதும். முதல் நாளே ஐந்தாறு வைத்துக்கொள்கிறவர்கள் இரண்டாம் ஞாயிறு வரும் முன்பே எல்லாவற்றையும் கைவிட்டிருப்பார்கள்.

எல்லா வேலையும் ஒரே மாதிரி அல்ல. துணி மடிப்பது, பாத்திரம் கழுவுவது, கூட்டுவது என்றால் மனம் சும்மா இருக்கும். செபமாலையில் ஒரு பத்துமணி, அதாவது பத்து அருள்நிறைந்த மரியே, அதற்குள் அடங்கிவிடும். “ஆண்டவராகிய இயேசுவே, வாரும்” என்ற ஒருவரி மனவல்லய செபமும் கை அசைவோடு தானாக ஒட்டிக்கொள்ளும். கணக்கு எழுதுவது, வண்டி ஓட்டுவது, நோயாளியைக் கவனிப்பது வேறு. அங்கே நடுவில் செபத்தை நுழைத்தால் இரண்டும் கெடும். தொடக்கத்தில் ஒப்புக்கொடுங்கள், பிறகு வேலையில் முழுக் கவனம் வையுங்கள். முதலில் வைத்த கருத்தின் வலு இடையில் மனம் சிதறினாலும் செபத்தின் பேறுபலனைக் காக்கும் என்று இறையியலாளர் தாமஸ் அக்குவினா சொல்வது வேலைக்கும் பொருந்தும். கவனக்குறைவாகச் செய்த வேலையைக் காணிக்கை ஆக்க முடியாது. மடத்துப் பண்டகக் காப்பாளர் எல்லாக் கருவிகளையும் பீடத்துத் திருக்கலங்களைப் போலப் பார்க்க வேண்டும் என்று புனித ஆசீர்வாதப்பர் (பெனடிக்ட்) துறவிகளுக்கு எழுதிய ஒழுங்கு, 31-ஆம் அதிகாரத்தில் சொல்வது கவித்துவம் அல்ல. உடையாமல், தொலையாமல் பார்த்துக்கொள்வதற்கான நடைமுறை விதி.

மாலையில் திருவருகைக்கால வளையம்: பச்சை இலைகளுக்கு நடுவே நான்கு திரிகள், ஞாயிறுக்கு ஒன்றாகக் கூட்டி ஏற்றுவது. ஊதா மெழுகுதிரி மூன்று, ரோஸ் நிறம் ஒன்று. ரோஸ் மூன்றாம் ஞாயிற்றுக்கு. சுமார் இரண்டு சென்டிமீட்டர் தடிமனுள்ள திரி மணிக்கு ஏறக்குறைய இரண்டரை சென்டிமீட்டர் உருகும். தினமும் 15 நிமிடம் ஏற்றினால் முதல் திரிக்கு 28 நாளில் 7 மணி நேரம், அதாவது பதினேழு, பதினெட்டு சென்டிமீட்டர் கரையும். எனவே 25 சென்டிமீட்டர் உயரம் வேண்டும். குட்டைத் திரி வாங்கினால் மூன்றாம் வாரத்தில் சுடர் இலையைத் தொடும். அதற்குள் இலையும் சருகாகியிருக்கும். உலோகத் தட்டில் வையுங்கள், காய்ந்த இலையை வாரம் ஒருமுறை மாற்றுங்கள். மின்விசிறிக்கு நேர் கீழே ஏற்றினால் மெழுகு ஒரு பக்கமாக வழிந்து திரி சாய்ந்து எரியும். ஏற்றும் முன் கரிந்த திரிநூலை அரை சென்டிமீட்டருக்கு வெட்டிவிட்டால் புகையாது. திரிகள் வெவ்வேறு உயரத்தில் இருப்பது சிலருக்குக் கண்ணை உறுத்தும். சமமாக்க இடம் மாற்றி ஏற்றுவார்கள். வேண்டாம். அந்தப் படிக்கட்டுதான் எத்தனை வாரம் கடந்தோம் என்று காட்டும் அளவுகோல்.

அந்த 15 நிமிடத்திலேயே, அன்றைய நாளைத் திரும்பிப் பார்க்கும் ஆன்ம சோதனையையும் முடித்துவிடுங்கள். படுக்கையில் செய்தால் நன்றி சொல்லும் இடத்திலேயே தூக்கம் வந்துவிடும். கேள்வி ஒன்றே போதும்: இன்று யாரைக் காரணமின்றிக் காக்க வைத்தேன்? பதில் வராத கடிதம், தள்ளிப்போட்ட கையெழுத்து, அழைத்தும் எடுக்காத ஒரு பெயர். மறுநாளின் முதல் வேலை அங்கேயே கிடைத்துவிடும்.

டிசம்பர் 17-இல் பாதை திரும்புகிறது. அன்றிலிருந்து 23 வரை திருச்சபையின் மாலைச் செபமான மாலைப்புகழில் மரியாவின் பாடலுக்கு முன் ஒரு நாளைக்கு ஒன்றாக “ஓ” என்று தொடங்கும் ஏழு விளிகள்: ஞானமே, ஆண்டவரே, ஈசாயின் வேரே, தாவீதின் திறவுகோலே, விடியலே, மக்களினங்களின் அரசரே, இம்மானுவேலே. இலத்தீனில் “ஓ”-வுக்கு அடுத்த சொற்களின் முதலெழுத்துகளைக் கடைசியிலிருந்து படித்தால் ‘நாளை இருப்பேன்’ என்று பொருள் வரும். முழு மாலைப்புகழ் சொல்ல நேரமில்லாதவர்கள் அன்றைய விளியை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். 20-ஆம் தேதி பூட்டைத் திறக்கும்போதெல்லாம் “தாவீதின் திறவுகோலே, வாரும்” என்றால் அன்றைக்கு அது போதும்.

24-ஆம் தேதி ஞாயிறாக அமைந்தால் காலையில் நான்காம் ஞாயிறு, மாலையில் கிறிஸ்து பிறப்பின் திருவிழிப்பு. நான்காம் திரி 15 நிமிடமே எரிந்திருக்கும், ஏறக்குறைய முழுதாக மிஞ்சும். ஊதாதானே, காகிதத்தில் சுற்றி எடுத்து வையுங்கள். அடுத்த ஆண்டு முதல் திரியாக ஏற்றலாம்.