பழனிக்கு அப்பாவை அழைத்துப் போனேன்

மதினி போன் செய்தபோது திருப்பூரில் கட்டிங் டேபிள் முன்னால் நின்றுகொண்டிருந்தேன். "ரெண்டு மாசமா சோறு எறங்கலன்னு சொல்லிக்கிட்டே இருந்தாக. இப்பத் தண்ணியே எறங்க மாட்டேங்குது. உணவுக்குழாய்ல கட்டியாம் தம்பி, பரவிருச்சாம்" என்றார். கொஞ்ச நேரம் இரண்டு பக்கமும் பேச்சில்லை. அப்புறம் அவரே சொன்னார்: "மாமா ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாக. சின்னவனுக்குச் சொல்லிட்டியான்னு."

அப்பாவும் நானும் பேசி 14 வருடம் ஆகியிருந்தது.

எங்கள் ஊர் சிங்கம்புணரி. கயிறுதான் அங்கே பலருக்குச் சோறு போடுகிறது. அப்பா சின்னப் பையனாக ராட்டை சுற்றத் தொடங்கி, பிறகு சொந்தமாக ஒரு களம் போட்டவர். நான் படிப்பு முடிந்ததும் திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தேன். இரண்டு வருடம் சம்பளத்தில் பாதிக்கு மேல் வீட்டுக்கு அனுப்பினேன். மட்டையிலிருந்து நார் பிரிக்கிற மிஷின் வாங்கிப் போட்டு அண்ணனும் நானும் சேர்ந்து நடத்துவதாகப் பேச்சு. 2010ல் ஊருக்குத் திரும்பியபோது மிஷின் வந்து இறங்கியிருந்தது. களமும் மிஷினும் அண்ணன் பேரில் எழுதப்பட்டிருந்தன. கேட்டதற்கு அப்பா, "மூத்தவன் கூடவே இருந்து பாத்தான். நீ ஊர் சுத்துனவன்தானே" என்றார். அன்று ராத்திரியே பஸ் ஏறிவிட்டேன்.

என் கல்யாணத்துக்கு அவர் வரவில்லை. நானும் நேரில் போய் அழைக்கவில்லை. 2019ல் அம்மா இறந்தார். எங்கள் பக்கம் அப்பனுக்கு மூத்தவன், ஆத்தாளுக்கு இளையவன் என்பது வழக்கம். மொட்டை போட்டு, குடம் சுமந்து, கொள்ளி வைத்து, காரியம் முடிகிறவரை அந்த வீட்டில்தான் இருந்தேன். அவர் திண்ணையில் இருப்பார், நான் பந்தலில் இருப்பேன். பொண்டாட்டியைப் பறிகொடுத்த மனுஷனிடம் "சாப்பிட்டீங்களா" என்று ஒரு வார்த்தை நான் கேட்கவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் தூக்கம் வருவதில்லை.

மதினியின் போனுக்குப் பிறகு போய் வாசலில் நின்றேன். கட்டிலில் படுத்திருந்தவர் தலையைத் தூக்கிப் பார்த்தார். "வா. சாப்பிட்டியா?" என்றார்.

ஆபரேஷன் செய்யும் கட்டம் தாண்டிவிட்டது என்று டாக்டர் சொன்னார். ஸ்டென்ட் வைத்த பிறகு கஞ்சித் தண்ணீரும் இளநீரும் இறங்கின. வலிக்கு மார்பின் மாத்திரை. இதைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். மார்பின் என்றதும் அது போதை மருந்து, பழகிவிடும், அதைக் கொடுத்தால் ஆள் போய்விடுவார் என்று பயந்து ஒரு வாரம் கொடுக்காமல் வைத்திருந்தோம். அந்த ஒரு வாரம் அவர் துடித்த துடிப்பு எங்கள் அறியாமையால் வந்தது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வந்த நர்ஸ் அம்மாதான் எங்களை உட்கார வைத்துப் புரிய வைத்தார். வலி வந்த பிறகு கொடுக்கக் கூடாது, வராமல் இருக்கக் கொடுக்க வேண்டும், 4 மணி நேரத்துக்கு ஒரு முறை கடிகாரம் பார்த்து, கூடவே மலச்சிக்கலுக்கு மருந்து. இரண்டாம் நாளே அப்பா சாய்ந்து உட்கார்ந்து பேசினார். அப்போது கேட்டதுதான்: "பழனிக்கு ஒருக்கா போயிட்டு வந்துரணும். நீ கூட்டிட்டுப் போவியா?"

அண்ணன் பக்கத்திலேயே நின்றிருந்தார். அப்பா என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.

வருடா வருடம் தைப்பூசத்துக்குப் பச்சை வேட்டி கட்டி நடந்தே பழனிக்குப் போனவர் அவர். நத்தம், திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் என்று நாள் கணக்கில் நடை. 2024 ஐப்பசியில், கந்த சஷ்டிக் கூட்டம் வடிந்த பிறகு, அதே பாதையில் வாடகைக் காரில் போனோம். பின்சீட்டில் தலையணை அண்டக்கொடுத்து அவரைச் சாய்த்திருந்தேன். கண்ணை மூடியிருக்கிறார் என்று நினைத்தால், "இந்த வளைவுலதான் ஒரு வருஷம் உன் மாமனுக்குக் கால் கொப்புளம் ஒடஞ்சுச்சு" என்பார். "இங்க ஒரு அம்மா மோர் குடுக்கும்." நான் அறியாத ஒரு மனுஷர் அந்த ரோட்டில் 31 வருடம் நடந்திருக்கிறார் என்று தோன்றியது. ஒட்டன்சத்திரம் தாண்டி மலை கண்ணில் பட்டதும் கையைத் தூக்கினார். அரோகரா சொல்லக் குரல் வரவில்லை. டிரைவர் தம்பிதான் அவருக்காக உரக்கச் சொன்னார்.

மலை ஏறும் முன் திருஆவினன்குடியைக் கும்பிட வேண்டும். ஆறுபடை வீட்டில் மூன்றாவது வீடு, அடிவாரத்தில் இருக்கும் இந்தக் கோயில்தான் என்பது பலருக்குத் தெரியாமல் நேராக மேலே போய்விடுகிறார்கள். இங்கே முருகன் மயில்மேல் உட்கார்ந்த குழந்தை. சாயங்காலம், கூட்டம் அதிகமில்லை. சக்கர நாற்காலியைச் சந்நிதிக்கு நேரே நிறுத்தினேன். அப்பா வெகுநேரம் குழந்தை முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் முழங்கையைப் பிடித்து, "சின்ன வயசுல நீ இப்படித்தான் முறைச்சுக்கிட்டு உக்காந்திருப்ப" என்றார்.

அடிவாரத்தில் ஒரு லாட்ஜில் தங்கினோம். நடுராத்திரி விழித்துக்கொண்டார். தலைமாட்டில் உட்கார்ந்து முதுகைத் தடவிவிட்டேன். விளக்குப் போட வேண்டாம் என்றார். இருட்டில், விட்டு விட்டு, மூச்சு வாங்கிப் பேசினார்.

"அந்த மிஷின்..."

"விடுங்கப்பா."

"விட முடியல. நான் பண்ணுனது தப்பு. உன் காசுல வாங்குனது. நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது."

நான் ஒன்றும் சொல்லவில்லை. தொண்டை அடைத்துக்கொண்டது. கொஞ்ச நேரம் கழித்து அவரே மறுபடி ஆரம்பித்தார்.

"பழத்துக்குக் கோவிச்சுக்கிட்டு இவன் இங்க வந்து நின்னான். அப்பனும் ஆத்தாளும் தேடிக்கிட்டு வந்தாகள்ல?"

"ஆமாப்பா."

"நானும் ஒருக்கா வந்தேன். பூசம் முடிஞ்சு, கூட வந்தவுகளை எல்லாம் ஊருக்கு அனுப்பிட்டு, திருப்பூர் பஸ்ல ஏறுனேன். தாராபுரத்துல பஸ் நின்னுச்சு. எறங்கி டீ குடிச்சேன். என்னான்னு சொல்லிக்கிட்டு உன் வாசல்ல நிக்கிறதுன்னு தெரியல. திரும்பிட்டேன்."

எந்த வருடம் என்று கேட்டேன். என் மகள் பிறந்த வருடம் என்றார். பேத்தி பிறந்ததை அம்மா சொல்லியிருக்கிறார். பச்சை வேட்டியோடு, கையில் ஒரு பஞ்சாமிர்த டப்பாவோடு, தாராபுரம் பஸ் ஸ்டாண்டில் அவர் தனியாக நின்ற காட்சி அன்று இரவு முழுவதும் என் கண்ணை விட்டுப் போகவில்லை.

மறுநாள் காலை 6 மணிக்கு மாத்திரையைக் கரைத்துக் கொடுத்தேன். அடுத்தது 10 மணிக்கு. மலைக் கோயிலில் 2023 அக்டோபர் முதல் செல்போன் அனுமதி இல்லை, கீழே கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். நானோ அலாரத்தை நம்பி இருந்தவன். அப்பா தன் கையில் இருந்த எச்.எம்.டி. வாட்சைக் கழற்றி நீட்டினார். தோல் பட்டையில் ஒரு துளை இழுபட்டு, ஓரம் கறுத்து, வாய் அகன்று போயிருந்தது. வருஷக்கணக்காக அதில்தான் போட்டிருக்கிறார். அதற்கு உள்ளே, ரொம்பத் தள்ளி, ஆணியால் புதிதாக ஒரு துளை. கை மெலிந்த பிறகு போட்டது. நான் கட்டிப் பார்த்தேன். அந்தப் பழைய துளை எனக்கு அளவாக இருந்தது. அப்பாவும் அதைப் பார்த்தார்.

படிகள் 693. அந்தப் படிகளை அத்தனை வருடம் ஏறிய கால்கள் நாற்காலிப் பலகையில் சேர்ந்து கிடந்தன. காற்று பலமாக இருந்ததால் ரோப் கார் வேண்டாம் என்று, தண்டவாளத்தில் வடம் இழுத்துப் போகிற விஞ்சுக்குப் போனோம். 1966லிருந்து ஓடுகிறது. ஊழியர் ஒருவர் அப்பாவைப் பார்த்ததுமே வரிசையை விலக்கி வழி செய்தார், அவர் நன்றாக இருக்கட்டும். பெட்டி மேலே நகரும்போது அப்பா வெளியே எட்டி, இழுத்துப் போகிற இரும்பு வடத்தையே கவனித்தார். முதல் நாளிலிருந்து அவர் முகத்தில் நான் காணாத தெளிவு அப்போது வந்தது. "இரும்பா இருந்தாலும் முறுக்கு ஒண்ணுதான் பாத்துக்க. புரி ஒரு பக்கமா முறுக்கியிருக்கும். புரிகளைச் சேக்கையில எதிர்ப்பக்கமா முறுக்கணும். ஒண்ணை ஒண்ணு எதிர்த்துக்கிட்டுப் பிடிக்கும், அதான் பிரியாது" என்றார். சின்ன வயதில் களத்தில் நின்று எனக்குக் கற்றுக்கொடுத்த அதே குரல்.

அப்பாவுக்கு ஆண்டிக் கோலம்தான் பார்க்க வேண்டும். காலை விளா பூஜையில் அது கிடைக்கும். ஆண்டியைப் பார்த்துவிட்டு வந்தால் ஆண்டியாகிவிடுவோம், ராஜ அலங்காரம் பார்த்தால்தான் நல்லது என்று ஒரு பேச்சு ஊரில் உண்டு. எனக்கு அதில் எப்போதும் சம்மதம் இருந்ததில்லை. லாட்ஜ்காரர் அக்கறையாகச் சொன்னபோது அப்பா, "எனக்கு இப்ப அவன்தான்யா வேணும்" என்றார்.

திரை விலகியது. மேற்குப் பார்த்த சந்நிதி. கையில் தண்டம், இடுப்பில் கை, கோவணம். போகர் நவபாஷாணத்தில் செய்ததாகச் சொல்லப்படும் திருமேனி. தீபம் முகத்துக்கு அருகே வந்தபோது ஒடுங்கிய அந்தத் தோளையும் மார்பையும் பார்த்தேன். பக்கத்தில் அப்பா, சட்டையில்லாமல், துண்டு மட்டும் போர்த்தி, எலும்பு எண்ணும்படி உட்கார்ந்திருந்தார். எனக்கு இரண்டு உருவமும் ஒன்றாகிவிட்டன. இதைப் பக்தி என்பதா வேறென்ன சொல்வதா, எனக்கு வார்த்தை இல்லை. கை கூப்பினேன். அப்படியொரு அழுகை எனக்கு அம்மா போனபோதுகூட வரவில்லை.

முதல் நாள் இரவு சுவாமிக்குச் சாத்திக் காலையில் எடுக்கிற ராக்காலச் சந்தனம் கொஞ்சம் கிடைத்தது. பட்டாணி அளவுதான். அப்பாவின் தொண்டைக் குழியில் தடவினேன். விரலில் மிச்சம் இருந்ததை அவர் வழித்து என் நெற்றியில் வைத்தார். அவர் உள்ளங்கை என் முகத்தில் பட்டது. நார் அறுத்து அறுத்துக் காய்த்து, ரேகையே மழுங்கிய கை.

எல்லோரும் சொல்கிற கதையில் முருகன் கோபித்துக்கொண்டு போனதோடு நிறுத்திவிடுகிறார்கள். "பழம் நீ" என்று தேடி வந்து சொன்னது பெற்றவர்கள்தானே. அதைக் கேட்டு அவன் ஆறினான். ஆனால் கைலாசத்துக்குத் திரும்பிப் போய்விடவில்லை. மலை மலையாகவே இருந்தது, அவனும் அங்கேயே இருந்தான். எனக்கும் களம் வேண்டாம், மிஷின் வேண்டாம். அண்ணனிடம் இன்றுவரை அதைக் கேட்கவில்லை, இனியும் கேட்கப் போவதில்லை.

வெளியே வந்து பஞ்சாமிர்தம் வாங்கினோம். விருப்பாச்சி மலைவாழைப்பழம், நாட்டுச் சர்க்கரை, தேன், நெய், ஏலக்காய், பேரீச்சை, கற்கண்டு. ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்ப்பதில்லை. 2019ல் புவிசார் குறியீடு பெற்றது. அப்பாவால் விழுங்க முடியாது. ஆள்காட்டி விரல் நுனியில் தொட்டு அவர் நாக்கில் வைத்தேன். வாயை மூடிக்கொண்டு, கண்ணையும் மூடிக்கொண்டு, அது கரைகிறவரை அப்படியே இருந்தார். இன்னொரு தடவை நாக்கை நீட்டினார். வாட்சில் 9.20.

கீழே வந்து 10 மணி மாத்திரையைக் கொடுத்துப் படுக்க வைத்தேன். மத்தியானம் காரில் ஏறியதும் டிரைவர், "ஒட்டன்சத்திரம் ரோடுதானேண்ணே?" என்றார். அப்பா முந்திக்கொண்டு, "இல்லப்பா. தாராபுரம் ரோடு" என்றார். நான் திரும்பிப் பார்த்தேன். அவர் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்திருந்தார்.

அதன்பிறகு 26 நாள் என் வீட்டில், என் மகள் பக்கத்தில் பாய் போட்டுப் படுத்துக் கதை கேட்க, இருந்தார். மூச்சு அடங்கியதும் அங்கேதான். ஊருக்குக் கொண்டுபோனோம். முறைப்படி அண்ணன் கொள்ளி வைத்தார், நான் பக்கத்தில் நின்றேன். வாட்ச் என் கையில் இருக்கிறது.

அன்று தாராபுரம் பஸ் ஸ்டாண்டு ஓரமாகக் காரை நிறுத்தச் சொன்னார். வழியெல்லாம் காற்றாலைகளைப் பார்த்துக்கொண்டு வந்தவர், அங்கே வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்து ஒவ்வொரு கடையாகத் தேடினார். அவர் அன்று நின்ற கடை இருந்ததா, பெயர் மாறியதா, தெரியவில்லை. "ஒரு டீ வாங்கு" என்றார். குடிக்க முடியாதே என்று நான் தயங்கினேன். "வாங்குப்பா."

கண்ணாடி டம்ளரில் வாங்கி வந்து கொடுத்தேன். இரண்டு கையாலும் பிடித்து, கன்னத்தில் ஒரு பக்கம் வைத்து, ஆவியை முகத்தில் வாங்கிக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார். ஆறியதும் என்னிடம் நீட்டினார்.

"நீ குடி. குடிச்சுட்டு வா, வீட்டுக்குப் போவோம்."