கருவாட்டு வாசத்துக்கு நடுவே ஒரு மைதானம்

ஹென்னிங்ஸ்வேர் மைதானத்தின் படம் உங்கள் வாட்ஸ்அப்புக்கும் வந்திருக்கும். நீலக் கடல், அதில் மொட்டைப் பாறையாக ஒரு தீவு, பாறைக்கு நடுவில் யாரோ பச்சைப் பாயை விரித்துவிட்டுப் போன மாதிரி ஒரு கால்பந்து மைதானம். எனக்கு மட்டும் அதை ஆறேழு பேர் அனுப்பியிருக்கிறார்கள். விநோதமான மைதானங்களைத் தேடிப் போகிற கிறுக்கு எனக்கு உண்டு என்பது நண்பர்கள் வட்டத்தில் எல்லோருக்கும் தெரியும்.

போன வருடம் மே மாதத் தொடக்கத்தில் ஒருவழியாகக் கிளம்பிவிட்டேன். நார்வேயின் வடக்கே, ஆர்க்டிக் வட்டத்துக்கும் மேலே இருக்கிற லோஃபோடன் தீவுக் கூட்டத்தில் இருக்கிறது இந்த ஊர். பூடோ வரை ரயில், அங்கிருந்து ஸ்வோல்வேருக்கு மூன்றரை மணி நேரம் விரைவுப் படகு. அந்தப் படகைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, கண்ணை மூடிக்கொண்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஸ்வோல்வேரில் தூங்கி எழுந்து, மறுநாள் பேருந்தில் இன்னும் 25 கிலோமீட்டர் போனால் ஹென்னிங்ஸ்வேர். 1980களின் தொடக்கத்தில்தான் ஊருக்குப் பாலம் வந்தது. அதற்கு முன்பு படகை விட்டால் வேறு வழி கிடையாது. ஊரில் மொத்தமே ஐந்நூறு பேர் அளவுக்குத்தான் இருப்பார்கள்.

மைதானம் ஊரின் தெற்கு மூலையில், ஹெல்லன்ட்ஸ்யோயா என்ற தீவின் முனையில் இருக்கிறது. துறைமுகத்தைத் தாண்டி நடந்தே போய்விடலாம். கேட் இல்லை, டிக்கெட் இல்லை. போய் நின்றேன்.

உண்மையைச் சொல்கிறேன், பெரிய ஏமாற்றம். செயற்கைப் புல் போட்ட ஒரு மைதானம், இரண்டு கோல் போஸ்ட், சில விளக்குக் கம்பங்கள், சுற்றிலும் ஆட்கள் நிற்பதற்குக் கொஞ்சம் தார் போட்ட இடம். கேலரி என்று ஒன்றும் கிடையாது. கடல் எங்கே என்று பார்த்தால் பாறை மேடுகளுக்கு நடுவே துண்டு துண்டாகத் தெரிகிறது. அப்போதுதான் உறைத்தது, நான் பார்த்த படங்கள் எல்லாம் ட்ரோனில் எடுத்தவை. ஐந்தரை அடி உயரத்தில் கண்ணை வைத்துக்கொண்டிருக்கிற மனிதனுக்கு அந்தக் காட்சி கிடைக்காது. எனக்கு முன்பே அங்கே மூன்று பேர் வந்திருந்தார்கள். மூன்று பேருமே மைதானத்தைப் பார்க்கவில்லை, கையில் இருந்த ட்ரோன் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்புறம் காற்று திசை மாறியது. அந்த வாசம் வந்தது.

நான் குமரிக் கடற்கரையில் வளர்ந்தவன். கருவாட்டு வாசத்தை எந்தத் தூக்கத்திலும் கண்டுபிடித்துவிடுவேன். திரும்பிப் பார்த்தால், கோல் போஸ்டுக்குப் பின்னால் பாறைகளின் மேல் ஆள் உயரத்துக்கு மேலே மரப் பரண்கள், ஓட்டு வீட்டுக் கூரை மாதிரி சரிந்து நிற்கின்றன. அவற்றில் ஆயிரக்கணக்கில் மீன்கள். தலையில்லாத மீன்கள், இரண்டிரண்டாக வாலைச் சேர்த்துக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். தலைகளைத் தனியாகக் கோத்து வேறு பரணில் போட்டிருந்தார்கள். வாயைப் பிளந்துகொண்டு அத்தனை தலைகளும் மைதானத்தைப் பார்த்தபடி இருந்தன. கூட்டமே இல்லாத மைதானம் என்று இனி யாரும் சொல்லக் கூடாது.

எல்லாம் காட் மீன். குளிர்காலத்தில் பேரன்ட்ஸ் கடலிலிருந்து முட்டையிட லோஃபோடன் பக்கம் கூட்டம் கூட்டமாக வரும். ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை அதுதான் இவர்களுக்குச் சீசன். பிடித்த மீனைப் பரணில் போட்டால் மே, ஜூன் வரை அப்படியே காற்றில் காயும். நம் ஊர்க் கருவாட்டுக்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு: இதில் ஒரு கல் உப்புகூடப் போடுவதில்லை. நமக்கு உப்பும் வெயிலும் செய்கிற வேலையை இங்கே குளிர்காற்றே செய்துவிடுகிறது. இவ்வளவு வடக்கே இருந்தாலும் வெப்ப நீரோட்டம் பக்கத்தில் ஓடுவதால் இங்கே குளிர் அளவாக இருக்கிறது. ரொம்பக் குளிர்ந்தால் மீன் உறைந்து சதை கெட்டுவிடும், சூடானால் ஈ மொய்த்துவிடும். இரண்டுக்கும் நடுவில் சுழிய டிகிரியை ஒட்டியே நிற்கிற பருவநிலை இந்தத் தீவுகளுக்கு வாய்த்திருக்கிறது. காய்ந்த மீன் பெரும்பாலும் இத்தாலிக்குப் போகிறது. தலைகள் நைஜீரியாவுக்கு, சூப்புக்கு. அந்தத் தலைகளிலிருந்து நாக்கை அறுத்து விற்பது இங்கே வழிவழியாகச் சிறுவர்களின் வேலை. சீசனில் பள்ளிக்கூடம் விட்டதும் கத்தியோடு போய் நல்ல காசு பார்ப்பார்களாம்.

வட நார்வேயின் மீன் ஆலைகளில் 1980களிலிருந்தே ஈழத் தமிழர்கள் வேலை பார்த்திருக்கிறார்கள். முதன்முதலில் இந்தப் பரண்களைப் பார்த்தபோது அவர்களுக்கு என்ன தோன்றியிருக்கும் என்று கொஞ்ச நேரம் யோசித்துக்கொண்டு நின்றேன். எனக்குத் தோன்றியது, 'இதில் பாதியை நம் ஊருக்கு அனுப்பினால் என்ன?'

ஒரு மைதானத்தைப் படத்தில் பார்த்து ஏமாந்தது எனக்கு இதுதான் முதல் தடவை. இதற்கு முன் போன இடங்களில் எல்லாம் நேரெதிராக நடந்திருக்கிறது. போர்ச்சுகலில் பிராகா நகர மைதானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2004 யூரோ கோப்பைக்காக ஒரு கல்குவாரிக்குள் கட்டியது. எதுவார்டோ சோட்டோ டி மோரா என்ற கட்டடக் கலைஞரின் வேலை, பின்னால் 2011இல் அவருக்குக் கட்டடக் கலையின் பெரிய விருதான பிரிட்ஸ்கர் பரிசு கிடைத்தது. பக்கவாட்டில் இரண்டே கேலரிகள். ஒரு கோலுக்குப் பின்னால் அறுத்தெடுத்த பாறைச் சுவர், இன்னொரு பக்கம் திறந்துகிடக்கிறது. இரண்டு கூரைகளையும் இரும்புக் கம்பி வடங்கள் ஆகாயத்தில் இழுத்துப் பிடித்திருக்கின்றன. படத்தில் பார்த்தபோது "சரி, பாறை" என்று விட்டுவிட்டேன். நேரில் அந்தப் பாறையின் அடியில் போய் நின்றால் கழுத்து வலிக்கிறது. அதுவும் கோல் விழும்போது எழுகிற சத்தம் பாறையில் மோதித் திரும்பி வருகிறதே, அதற்காகவே இன்னொரு தடவை போகலாம். குறையும் உண்டு, ரொம்பப் பெரிய மைதானம், சாதாரண லீக் ஆட்டங்களில் இருக்கைகள் காலியாகக் கிடந்து பல்லிளிக்கின்றன.

இந்தக் கிறுக்கு ஆரம்பித்தது ஸ்லோவாக்கியாவில். சியெர்னி பலோக் என்று காட்டுக்கு நடுவே ஒரு கிராமம். அங்கே கேலரிக்கும் மைதானத்துக்கும் நடுவில் ரயில் ஓடுகிறது. தண்டவாளம் 760 மில்லிமீட்டர் அகலம், நம் ஊட்டி ரயிலை விடக் குறுகல். காட்டில் வெட்டிய மரத்தை இறக்குவதற்காக 1900களின் தொடக்கத்தில் போட்ட பாதை. 1982இல் மூடிவிட்டார்கள். தன்னார்வலர்கள் சேர்ந்து சீர்செய்து 1992இல் திரும்ப ஓட விட்டார்கள், இப்போது கோடையில் சுற்றுலா ரயில். நான் போன அன்று ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. தூரத்தில் ஊதல் கேட்டது. நான்தான் பதறி எழுந்து நின்றேன். ஆட்டக்காரர்கள் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, நடுவர் விசிலும் ஊதவில்லை. கரிப் புகையை எங்கள் முகத்தில் விட்டுக்கொண்டு ரயில் மெதுவாக நகர்ந்தது. பெட்டிக்குள் இருந்தவர்கள் எங்களைப் படம் எடுத்தார்கள், நாங்கள் அவர்களை. ரயில் போய் முடிந்தபோது பந்து கார்னர் கொடிக்குப் பக்கத்தில் கிடந்தது. அது எப்படி அங்கே போனது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பக்கத்தில் இருந்த பெரியவரிடம் சைகையில் கேட்டேன். தோளைக் குலுக்கிவிட்டு பியரைக் குடித்தார்.

ஹென்னிங்ஸ்வேரில் அன்று ஆட்டம் எதுவும் இல்லை. ஊருக்குள் போய் ஒரு காபியைக் குடித்துவிட்டு, எப்படியாவது மேலேயிருந்து பார்த்துவிடலாம் என்று ஃபெஸ்ட்வோக்டின் மலைப் பக்கம் நடந்தேன். 541 மீட்டர் உயரம்தான். அதன் மேலிருந்து ஊரும் மைதானமும் ஒருசேரத் தெரியும், ட்ரோன் தேவையில்லை. ஆனால் மேல் பாதியில் பனி இன்னும் உருகவில்லை. என் காலில் இருந்தது சாதாரண ஓட்டக் காலணி. அரை மணி நேரத்தில் இரண்டு தடவை வழுக்கிய பிறகு வீரம் போதும் என்று இறங்கிவிட்டேன்.

திரும்ப மைதானத்துக்கு வந்தபோது மணி எட்டு. வெயில் நன்றாக அடித்துக்கொண்டிருந்தது, மே தொடக்கத்திலேயே அங்கே சூரியன் மறையப் பத்து மணி ஆகிவிடும். ட்ரோன்காரர்கள் போய்விட்டிருந்தார்கள். பத்துப் பன்னிரண்டு வயதில் ஐந்து பையன்களும் இரண்டு பெண் பிள்ளைகளும் ஒரு பக்கக் கோலை மட்டும் வைத்து ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒற்றைப்படையாக இருந்ததால் ஒரு பையன் என்னைப் பார்த்து, ஆட வருகிறாயா என்று நல்ல ஆங்கிலத்தில் கேட்டான். வயதைச் சொல்லித் தப்பிக்கப் பார்த்தேன். அப்படியானால் கோலியாக நில் என்றான்.

நின்றேன். காற்றைப் பற்றி அப்போதுதான் தெரிந்தது. கடலிலிருந்து குறுக்கே அடிக்கிறது. நேராக வருகிற பந்து பாதி வழியில் மனம் மாறிவிடுகிறது. பிள்ளைகள் யாரும் உயரமாக அடிக்கவே இல்லை, தரையோடு தரையாகத் தள்ளித் தள்ளி ஆடினார்கள். எங்கள் ஊர்க் கடற்கரையிலும் தெற்குக் காற்று தூக்குகிற மாதங்களில் இப்படித்தான் ஆடுவோம், தூக்கி அடிப்பவனுக்குத் திட்டு விழும். பத்து நிமிடத்தில் நான்கு கோல் வாங்கினேன். ஐந்தாவதைத் தடுத்த பெருமையில், ஊர் ஞாபகம் எல்லாம் மறந்து, பந்தை ஓங்கி உதைத்தேன்.

பந்து மேலே போனது, ஒரு நொடி நின்றது, அப்படியே பின்பக்கமாகத் திரும்பி என் தலைக்கு மேலே, கோலுக்கு மேலே, பரண்களுக்குள் போய் விழுந்தது. பிள்ளைகள் ஏழு பேரும் ஒரே நேரத்தில் இடுப்பில் கை வைத்தார்கள். உதைத்தவர்தான் எடுக்க வேண்டும் என்பது அங்கேயும் சட்டம்.

பரணுக்கு அடியில் குனிந்து போனேன். நிமிர்ந்தால் மீன், திரும்பினால் மீன். பாதி காய்ந்த வால்கள் முதுகில் உரசின. மரக்கட்டையில் தட்டுகிற மாதிரி ஒன்றோடொன்று மோதிச் சத்தம் போட்டன. பந்து ஒரு பாறை இடுக்கில், நேற்றைய மழைத் தண்ணீரில் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு வெளியே வந்தபோது ஒரு சிறுமி மூக்கைப் பிடித்துக்கொண்டு என்னவோ சொல்ல, மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மொழி தெரியாவிட்டாலும் என்ன சொல்லியிருப்பாள் என்று புரிந்தது.

மறுநாள் திரும்புகிற படகில் நிறையக் கூட்டம். என் பக்கத்து இருக்கை மட்டும் பூடோ வரை காலியாகவே வந்தது. காலை நீட்டிக்கொண்டு நன்றாகத் தூங்கினேன்.