98 வந்த நாள்: ஒரு நெருப்பெறும்பு ஆய்வின் மூன்று பயணங்கள்

நேற்று மாலை ஜிசி-எம்எஸ் (கலவையைப் பிரித்து, ஒவ்வொரு பொருளும் உடைந்த துண்டுகளின் நிறையைக் கோடுகளாகக் காட்டும் கருவி) அறைத் திரையில் 98 என்ற நிறை எண்ணுக்கு மேல் ஒரு கோடு உயரமாக எழுந்து நின்றது. ஐந்து மாதம் காத்திருந்த கோடு அது. தங்கள் துறையில் கருவி இல்லாமல், வேறு ஊருக்குச் சாம்பிளைத் தூக்கிக்கொண்டு போகிற ஆய்வு மாணவர்கள் யாராவது இதைப் படித்தால், அவர்களுக்கு இரண்டு பேருந்துப் பயணமாவது மிச்சமாகட்டும்.

என் ஆய்வு நெருப்பெறும்பு நஞ்சு. அறிவியல் பெயர் சொலெனாப்சிஸ் ஜெமினேட்டா. அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து 16ஆம் நூற்றாண்டு வணிகக் கப்பல்களில் உலகம் முழுக்கப் பரவிய இனம். எங்கள் ஊர் எள்ளு வயல் வரப்பில் தாராளமாகக் கிடைக்கும். நஞ்சு என்றால் புரதம்தானே என்று எல்லோரும் கேட்கிறார்கள். பாம்புக்கு அது பெரும்பாலும் சரி. நெருப்பெறும்பின் நஞ்சில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் எண்ணெய் போன்ற ஆல்கலாய்டு, அதாவது நைட்ரஜன் உள்ள கரிமச் சேர்மம். ஐந்து கார்பனும் ஒரு நைட்ரஜனும் சேர்ந்த பிப்பெரிடின் வளையம், அதில் ஒரு பக்கம் ஒற்றைக் கார்பன் மெத்தில், மறுபக்கம் நீளமான கார்பன் வால். மிளகின் காரமான பிப்பெரினை உடைத்தால் கிடைப்பதும் இதே வளையம்தான், பெயரே மிளகிலிருந்து வந்தது. கொட்டிய இடத்தில் மறுநாள் எழும்பும் வெள்ளைக் கொப்புளத்துக்கு இந்த ஆல்கலாய்டுதான் காரணம்.

உண்மையில் எனக்குத் தவளைகள் மேல்தான் ஆசை. வேதியியலாளர் ஜான் டேலி தவளைத் தோல்களிலிருந்து எண்ணூறுக்கு மேற்பட்ட ஆல்கலாய்டுகளைப் பட்டியலிட்டவர். நச்சுத் தவளைகள் அவற்றில் பெரும்பகுதியைத் தாங்களாகச் செய்வதில்லை, தின்னும் எறும்பு, சிற்றுண்ணிகளிடமிருந்து சேர்த்துக்கொள்கின்றன. அப்படியென்றால் எறும்பிலிருந்தே தொடங்குவோம் என்று என் கைடு சொன்னார். முதுகெலும்பில்லாத உயிர் என்பதால் விலங்கு நெறிக் குழுவுக்கும் போக வேண்டியிருக்கவில்லை.

எறும்பு பிடிப்பது ஒரே நாளில் முடிந்தது. வாளியின் உட்சுவரில் டால்கம் பவுடர் பூசி, புற்றை மண்ணோடு அள்ளிப் போட்டு, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டால், எறும்புகள் தாங்களே பந்தாகத் திரண்டு மிதக்கும். கரண்டியால் எடுத்துக்கொள்ளலாம். ஹெக்ஸேன் என்ற கரைப்பானில் ஊறவைத்து வடிகட்டினேன். இதுவரை ஒரு தொந்தரவும் இல்லை.

முதல் பயணம். ஐந்து மணி நேரப் பேருந்து, கருவி மையத்தில் டோக்கன், ஒன்றரை மணி நேரம் வரிசை. விண்ணப்பத்தில் சாம்பிள் பெயர் என்ற இடத்தில் ‘எறும்பு நஞ்சு’ என்று எழுதியிருந்தேன். கவுன்டரில் இருந்தவர் அதைப் படித்துவிட்டு, "விஷமெல்லாம் இங்க வாங்க மாட்டோம்" என்று தாளைத் திருப்பித் தள்ளினார். குப்பியில் இருப்பதில் பெரும்பங்கு ஹெக்ஸேன் என்றேன், ஆபரேட்டரையாவது கூப்பிடுங்கள் என்றேன். அவர் அடுத்த டோக்கனை அழைத்துவிட்டார். உள்ளே போய் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இரண்டு நிமிட வேலை. எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

ஆகவே: சாம்பிள் பெயரில் வேதிப்பெயரை எழுதுங்கள். ‘2-மெத்தில்-6-ஆல்கைல் பிப்பெரிடின்கள், ஹெக்ஸேன் கரைசல், 1 மிலி’. எதிலிருந்து எடுத்தது, எவ்வளவு அபாயம் என்பதை மறைக்காமல் தனிக் கடிதத்தில் எழுதி, துறைத்தலைவர் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிக்கொண்டு போங்கள். கடிதம் இருந்தால் கவுன்டரில் யாரும் முடிவெடுக்க வேண்டியதில்லை, கோப்பில் வைத்துக்கொள்வார்கள்.

இரண்டாம் பயணத்தில் வாங்கிக்கொண்டார்கள். பத்து நாள் கழித்து முடிவு வந்தது. எங்கே பார்த்தாலும் 149. தாலேட்! பிளாஸ்டிக்கை இளக்கச் சேர்க்கிற பொருள். சாற்றை நான் பிளாஸ்டிக் குட்டிக் குழாயில் கொண்டுபோயிருந்தேன், எடுத்து ஊற்றியது பிளாஸ்டிக் முனையால், போதாததற்குக் கையுறை வேறு. ஹெக்ஸேன் பேருந்தில் குலுங்கிக் குலுங்கி எது எதையோ கரைத்துக்கொண்டு வந்திருக்கிறது. எனக்கு வேண்டிய பீக் (ஒரு பொருள் வெளிவருவதைக் காட்டும் முகடு) அந்த மலைக்கு அடியில் எங்கோ. கட்டணம் போனது போனதுதான்.

கண்ணாடிக் குப்பி, டெஃப்லான் உறையிட்ட மூடி, கண்ணாடிப் பிப்பெட். இவை தவிர வேறெதுவும் ஹெக்ஸேனைத் தொடக் கூடாது. இன்னொன்று இதைவிட முக்கியம்: எறும்பே போடாத வெறும் ஹெக்ஸேனை, அதே வடிகட்டல், அதே குப்பி, அதே பேருந்து என்று எல்லாவற்றிலும் கூடவே கொண்டுபோய் ஓட்டச் சொல்லுங்கள். கட்டணம் இரட்டிப்பாகும். பரவாயில்லை. அந்த வெற்றுச் சாம்பிள் இருந்திருந்தால் குற்றம் எங்கே என்று பத்து நிமிடத்தில் தெரிந்திருக்கும், நான் இரண்டு வாரம் எறும்பைச் சந்தேகித்தேன்.

புதிதாகப் பிடித்து, இந்த முறை சிலிக்கா பத்தியில், அதாவது சிலிக்காத் தூள் நிரப்பிய கண்ணாடிக் குழாய் வழியே விட்டு, சுத்தம் செய்தேன். எறும்பின் மேல்தோல் மெழுகும் ஹெக்ஸேனில் கரைந்து வருமே, அதை நீக்கத்தான். அங்கேயும் ஒரு பயம் காட்டியது. பத்தியிலிருந்து வந்ததைச் சொட்டு வைத்துச் சோதிக்கும் டிஎல்சி தட்டைப் புறஊதா விளக்கில் பார்த்தால் ஒன்றுமே தெரியவில்லை. ஆல்கலாய்டு மொத்தமும் பத்தியிலேயே ஒட்டிக்கொண்டது என்று நினைத்துக் கொட்டப் போனேன். அப்புறம்தான் உறைத்தது, இந்த மூலக்கூறில் புறஊதாவை உறிஞ்ச எதுவுமே இல்லை. ஆல்கலாய்டு இருந்தால் நிறம் காட்டும் டிராகன்டார்ஃப் கரைசலைத் தெளித்தேன். ஹெக்ஸேனில் வந்த பகுதி வெறுமை, அசிட்டோன் சேர்த்த பிறகு வந்த பகுதியில் ஆரஞ்சு நிறப் புள்ளி. அந்தத் தட்டை இன்னும் நோட்டில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

நேற்று மூன்றாம் பயணம். கடிதம், ரசீது நகல் இரண்டு, வெற்றுச் சாம்பிள், எல்லாம் இருந்தன. ஆபரேட்டர் நல்ல மனிதர், பக்கத்தில் உட்காரச் சொன்னார். வெற்றுச் சாம்பிள் சுத்தமாக ஓடியது. அடுத்ததில் அடுத்தடுத்து இரண்டு பீக். இரண்டிலும் 98 உச்சம், 253 சின்னதாக. நீள வால் உடைந்து போக மிஞ்சும் வளையம்தான் 98, முழு மூலக்கூறு 253. பதினொரு கார்பன் வால், மெத்திலும் வாலும் வளையத்தின் ஒரே பக்கம் இருக்கும் சிஸ் ஒன்று, எதிரெதிர்ப் பக்கம் இருக்கும் டிரான்ஸ் ஒன்று. கருவியின் தரவு நூலகத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் முன்பே தெரிந்துவிட்டது. கைடுக்கு அங்கிருந்தே போன் செய்தேன்.

மீதிச் சாறு ஃப்ரீசரில் இருக்கிறது, குப்பியில் மட்டம் எதுவரை என்று கோடு போட்டு. ஹெக்ஸேன் ஆவியாகிப் போனால் தெரிய வேண்டும் அல்லவா? அடுத்து, விதை உடைக்கும் பெருந்தலை வேலைக்காரிகளையும் சிறியவற்றையும் தனித்தனியாகப் பிரித்து எடுக்க வேண்டும், இரண்டின் நஞ்சும் ஒன்றுதானா என்று பார்க்க. அதற்கான கடிதத்தில் துறைத்தலைவரின் முத்திரையை இன்று காலையே வாங்கிவிட்டேன்.